கடல் உயிர்களும் மரபணு ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலை வீசிப் பார்க்கலாம், நீரில் மூழ்கிப் பார்க்கலாம். மரபணுவை வைத்துக் கடலைப் படிக்க வேண்டிய தேவை என்ன?

கடலில் வாழ்பவற்றில் மிகப் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மில்லிலிட்டர் மேற்பரப்புக் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்களும் 1 கோடி வைரஸ்களும் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலானவை வேறுபாடு தெரியாத புள்ளிகள். எது எந்த வகை, எது என்ன வேலை செய்கிறது என்பதை அந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுப்பதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற உயிர்களிலும் சிக்கல் உண்டு. நண்டின் லார்வா நண்டைப் போல் இருப்பதில்லை. உருவில் ஒன்றாகத் தெரியும் இரு மீன்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இரு இனங்களாக இருக்கலாம். ஆழ்கடலில் வலை இழுத்தால் மென்மையான ஜெல்லி உயிரிகள் கூழாகித்தான் மேலே வருகின்றன. சில மீன்கள் மனிதர் நீரில் இறங்கிய உடனே விலகிப் போய்விடுகின்றன. இவை எல்லாவற்றிலும் டி.என்.ஏ. இருக்கிறது, அதைப் படிக்க முழு உடல் தேவையில்லை. இதனால்தான் கடந்த 35 ஆண்டுகளில் கடல் உயிரியலின் போக்கே மாறியிருக்கிறது.

மரபணு, மரபணுத்தொகை: இரண்டும் ஒன்றா?

இல்லை. ஓர் உயிரியிடம் உள்ள டி.என்.ஏ. முழுவதும் சேர்ந்தது மரபணுத்தொகை. அதில் ஒரு புரதத்தையோ ஆர்.என்.ஏ.வையோ உருவாக்கும் பகுதி மரபணு. அளவைப் பார்த்து உயிரியின் சிக்கலை எடைபோட முடியாது. டி.என்.ஏ. என்பது A, T, G, C என்ற நான்கு வேதி 'எழுத்துகளால்' ஆன நீண்ட சங்கிலி. மனித மரபணுத்தொகையில் சுமார் 300 கோடி எழுத்துகள். 2023-இல் வெளியான அண்டார்டிக் கிரில்லின் மரபணுத்தொகையில் 4,800 கோடி எழுத்துகள். விரல் நீளமே உள்ள, இறால் போன்ற அந்த உயிரியின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி தன்னைத் தானே படியெடுத்துப் பெருகிய திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்.

நுண்ணுயிர்களை ஆய்வகத்தில் வளர்த்துப் படிக்கலாமே?

அப்படித்தான் நெடுங்காலம் செய்தார்கள். கடல்நீரைத் தட்டில் பரப்பி வளரவிட்டால், நுண்ணோக்கியில் எண்ணிய செல்களில் நூற்றில் ஒன்றுகூட முளைப்பதில்லை. அந்தத் தட்டுகளில் வளர்ந்தவையே கடலின் முக்கியமான பாக்டீரியாக்கள் என்று பல ஆண்டுகள் பாடநூல்கள் சொல்லிவந்தன.

1990-இல் ஸ்டீபன் ஜியோவன்னோனியும் அவருடன் பணியாற்றியவர்களும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடலின் நீரிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. எடுத்து, எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோம் (செல்லில் புரதம் உருவாக்கும் அமைப்பு) மரபணுவைப் படித்தார்கள். எவரும் வளர்த்திராத ஒரு பாக்டீரியா வகை அதில் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு எஸ்.ஏ.ஆர்.11 என்று பெயரிட்டார்கள். கடலின் மேற்பரப்பு செல்களில் கால் பங்குக்கு மேல் இதுவே என்பது பிறகு தெரியவந்தது. பூமியில் மிக அதிக எண்ணிக்கையில் உள்ள உயிர்களில் ஒன்று 1990 வரை அறிவியலின் கண்ணில் படவே இல்லை. இந்தத் துறை எனக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2002-இல்தான் அதை வளர்க்க முடிந்தது. 2005-இல் அதன் மரபணுத்தொகை வெளியானது. ஏறத்தாழ 13 லட்சம் எழுத்துகள், 1,354 புரத மரபணுக்கள். தனித்து வாழும் செல்களில் அப்போது அறியப்பட்டவற்றுள் மிகச் சிறியது அதுவே. கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் மரபணுக்கள் அதில் இல்லை. தனக்கு வேண்டிய கந்தகத்தை மற்ற உயிர்கள் வெளிவிடும் சேர்மங்களிலிருந்தே அது பெறுகிறது. ஆய்வகத்தில் அது பிடிவாதமாக வளர மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் மரபணுத்தொகையைப் படித்த பிறகுதான் அதற்கு என்ன உணவு தர வேண்டும் என்பது புரிந்தது.

வளர்க்காமலே மரபணுத்தொகையைப் படிப்பது எப்படி?

நீரில் உள்ள எல்லா செல்களின் டி.என்.ஏ.வையும் ஒன்றாகப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, அதாவது எழுத்துகளை வரிசையாகப் படித்து, பிறகு கணினியில் சேர்ப்பார்கள். இதற்கு மெட்டாஜீனோமிக்ஸ் என்று பெயர். பல ஓலைச்சுவடிக் கட்டுகள் அவிழ்ந்து, ஓலைகள் முறிந்து, ஒன்றோடொன்று கலந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த ஓரங்களில் ஒரே சொற்கள் வந்தால் அவற்றை ஒட்டலாம். ஒரே கையெழுத்தில் உள்ளவற்றை ஒரு கட்டாகச் சேர்க்கலாம். டி.என்.ஏ.விலும் அப்படியே. துண்டுகளின் விளிம்புகள் ஒத்துப்போனால் அவை இணைகின்றன. எழுத்துச் சேர்க்கையின் பாணியும், பல மாதிரிகளில் அவை சேர்ந்தே கூடிக் குறையும் விதமும், எந்தத் துண்டுகள் ஒரே உயிரியுடையவை என்று காட்டுகின்றன.

2004-இல் கிரெய்க் வென்டரின் குழு சர்காசோ கடல்நீரை இப்படிப் படித்து, 12 லட்சம் புதிய மரபணுக்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டது. கிடைத்தவற்றுள் ஒளியை உணரும் ரோடாப்சின் வகை மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பச்சையம் இல்லாமலே சூரிய ஒளியிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்கள் கடலில் இருப்பதை 2000-இல் ஒடெட் பேஜாவும் எட்வர்ட் டிலாங்கும் தங்கள் குழுவினருடன் கண்டறிந்திருந்தார்கள். அது ஏதோ அரிய விதிவிலக்கு அல்ல, கடலெங்கும் பரவிய வாழ்க்கை முறை என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

இந்த முறையின் ஆகப் பெரிய பரிசு கடலடிச் சேற்றிலிருந்து வந்தது என்பது என் கருத்து. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, 3,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், லோகியின் கோட்டை என்ற வெந்நீர் ஊற்றுக்கு அருகே எடுத்த சேற்றில் கிடைத்த டி.என்.ஏ.வை 2015-இல் தீஸ் எட்டெமாவின் குழு சேர்த்துப் பார்த்தது. லோகியார்க்கியா என்ற ஆர்க்கியா வகை வெளிப்பட்டது. ஆர்க்கியா என்பவை பாக்டீரியாக்களைப் போலவே செல்லில் கரு இல்லாத, ஆனால் அவற்றிலிருந்து வேறான நுண்ணுயிர்கள். செடி, காளான், மனிதர் எனக் கருவுள்ள செல் கொண்ட உயிர்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட பல மரபணுக்கள் அதில் இருந்தன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிரை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு அவர்களுக்கு 12 ஆண்டுகள் பிடித்தன. நம் செல்லின் தொலைதூர மூதாதை எப்படி இருந்திருக்கும் என்ற விவாதம் இன்று நடப்பதே கடலடிச் சேற்றை வைத்துத்தான்.

தாரா என்ற கப்பலின் பெயர் அடிக்கடி அடிபடுகிறதே?

தாரா 36 மீட்டர் நீளமுள்ள பாய்மரக் கப்பல். 2009 முதல் 2013 வரை உலகப் பெருங்கடல்களில் சுற்றி, வைரஸ் முதல் சிறு விலங்குகள் வரை அளவு வாரியாக வடிகட்டி மாதிரிகள் எடுத்தது. 2015-இல் வெளியான அதன் முதல் பெரிய பட்டியலில் சுமார் 4 கோடி நுண்ணுயிர் மரபணுக்கள் இருந்தன, பெரும்பாலானவை புதியவை. ஒளி படும் மேலடுக்கில் எந்த நுண்ணுயிர்க் கூட்டம் எங்கே வாழும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது நீரின் வெப்பநிலையே என்பது அதன் முக்கியமான முடிவு. கடல் சூடாகிவரும் காலத்தில் இதைச் சாதாரணச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019-இல் அதே பயணங்களின் மாதிரிகளிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் வகை வைரஸ் கூட்டங்கள் அடையாளம் காணப்பட்டன.

சூழல் டி.என்.ஏ. என்றால் என்ன?

மீனும் சுறாவும் திமிங்கிலமும் தோல் செல், சளி, கழிவு, முட்டை, விந்து ஆகியவற்றின் வழியாக ஓயாமல் டி.என்.ஏ.வை நீரில் விட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றிரண்டு லிட்டர் நீரை வடிகட்டி அதைப் படித்தால், எந்தெந்த இனங்கள் அண்மையில் அங்கே இருந்தன என்று தெரிந்துகொள்ளலாம். விலங்கைப் பார்க்கவோ தொடவோ கொல்லவோ தேவையில்லை.

பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நீரில் மூழ்கி எண்ணிய 2,758 கணக்கெடுப்புகளும், இரை கட்டி இறக்கிய 385 கேமராப் பதிவுகளும் சேர்ந்து 9 சுறா இனங்களைக் கண்டிருந்தன. வெறும் 22 நீர் மாதிரிகள் 13 இனங்களைக் காட்டின. சுறாவே இல்லை என்று கருதப்பட்ட, மனித நடமாட்டம் மிகுந்த பாறைத்திட்டுகளிலும் அவற்றின் தடயம் கிடைத்தது.

மாதிரி எடுப்பது எப்படி? கடினமான வேலையா?

கைவேலை எளிது. கவனம்தான் கடினம். படகின் ஓரத்திலிருந்தோ, குறிப்பிட்ட ஆழத்தில் மூடும் நீர்க்குப்பியாலோ நீரை எடுக்கிறார்கள். 0.22 அல்லது 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளின் வழியே அதைச் செலுத்துகிறார்கள். மிதவை உயிரிகள் மிகுந்த நீர் என்றால் வடிதாள் விரைவில் அடைத்துக்கொள்ளும். அப்போது பெரிய துளையுள்ள தாளுக்கு மாற வேண்டும், அல்லது நீரின் அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். வடிதாளை உடனே உறைய வைக்கிறார்கள், அல்லது டி.என்.ஏ. சிதையாமல் காக்கும் கரைசலில் இடுகிறார்கள்.

ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். மூலம் ஒரு சிறு பகுதியை மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குகிறார்கள். மீன்களுக்குப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 12எஸ் மரபணுவில் 170 எழுத்துகள் அளவிலான பகுதி பயன்படுகிறது. மசாகி மியாவின் குழு 2015-இல் உருவாக்கிய மைஃபிஷ் என்ற பிரைமர்கள், அதாவது பெருக்க வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள், இதற்கானவை. எந்தெந்த மீன்கள் இருக்கின்றன என்று முன்பே தெரிந்த ஒகினாவா மீன்காட்சியகத் தொட்டிகளின் நீரில் அவற்றைச் சோதித்தபோது, அங்கிருந்த 180 இனங்களில் 168 இனங்கள் கிடைத்தன. விடை தெரிந்த இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எல்லா ஆய்வுக் குழுக்களும் பின்பற்ற வேண்டும்.

இனி கவனத்துக்கு வருவோம். ஒவ்வொரு பயணத்திலும் தூய நீரை அதே கருவிகளால் வடிகட்டி, 'வெற்று மாதிரி' எடுக்க வேண்டும். டி.என்.ஏ. பிரிக்கும்போது ஒரு வெற்று மாதிரி, பி.சி.ஆரில் இன்னொன்று. கருவிகளை வெளுப்பான் கரைசலால் கழுவ வேண்டும். பி.சி.ஆருக்கு முந்தைய வேலையும் பிந்தைய வேலையும் தனித்தனி அறைகளில் நடக்க வேண்டும். மதிய உணவில் மீன் சாப்பிட்ட கையோடு மாதிரியைத் தொட்டால் அந்த மீனும் முடிவில் வந்து நிற்கும். வெற்று மாதிரிகள் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஆய்வறிக்கையின் இனப்பட்டியலை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

நீரில் விழுந்த டி.என்.ஏ. எவ்வளவு காலம் இருக்கும்? வேறெங்கிருந்தோ மிதந்து வந்திருக்கலாமே?

வந்திருக்கலாம். கடல்நீரில் அது சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் கண்டறிய முடியாத அளவுக்குச் சிதைந்துவிடுகிறது. நுண்ணுயிர்களும் நொதிகளும் வெப்பமும் இதை விரைவுபடுத்துகின்றன. அந்த நேரத்துக்குள் நீரோட்டம் அதைக் கொஞ்ச தூரம் நகர்த்தவே செய்யும். ஆகவே ஒரு மாதிரி காட்டுவது அந்தப் புள்ளியை மட்டும் அல்ல, அதைச் சுற்றிய ஒரு பரப்பை. கடற்கரையோரம் நகரங்களின் கழிவுநீர் கலக்கும் இடங்களில், சமையலறையில் கழுவிய மீனின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கலாம்.

படிவுகளில் கதை வேறு. குளிர்ந்த மண்ணில் கனிமத் துகள்களோடு ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ. மிக நீண்ட காலம் நிலைக்கிறது. வட கிரீன்லாந்தின் காப் கோபன்ஹாவ்ன் படிவுகளில் 20 லட்சம் ஆண்டுகள் பழைய டி.என்.ஏ. கிடைத்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதில் மாஸ்டோடான் யானையோடு, இன்று அங்கிருந்து வெகு தெற்கே, இதமான கடல்களில் வாழும் குதிரைலாட நண்டின் தடயமும் இருந்தது. அன்று அந்தக் கடல் எவ்வளவு இதமாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

கடலில் எத்தனை மீன்கள் இருக்கின்றன என்றும் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியைத்தான் மீன்வள அதிகாரிகள் முதலில் கேட்கிறார்கள். நேர்மையான விடை: சூழல் டி.என்.ஏ.வை மட்டும் வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதிக மீன்கள் இருந்தால் பொதுவாக அதிக டி.என்.ஏ. இருக்கும். ஆனால் ஒரு மீன் எவ்வளவு டி.என்.ஏ. விடும் என்பது அதன் அளவு, மன அழுத்தம், இனப்பெருக்கக் காலம், நீரின் வெப்பம் எல்லாவற்றையும் பொறுத்தது. பி.சி.ஆர். சில இனங்களைக் கூடுதலாகவும் சிலவற்றைக் குறைவாகவும் பெருக்கும். மீனின் வயதையோ நீளத்தையோ இந்த முறை சொல்லாது. மீன்பிடி அளவை நிர்ணயிக்க வயதும் நீளமும் இல்லாமல் முடியாது. சூழல் டி.என்.ஏ. வந்துவிட்டது, இனி கணக்கெடுப்புக் கப்பல்கள் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

எண்ணிக்கைக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது மிக அழகானது. பிடிபட்ட மீன்களிலிருந்து திசுத் துண்டுகளை எடுத்து, யார் யாருக்குப் பெற்றோர் என்று மரபணுவால் கண்டுபிடிப்பது. கடலில் முதிர்ந்த மீன்கள் குறைவாக இருந்தால், தற்செயலாகப் பிடித்த ஒரு குஞ்சும் ஒரு பெரிய மீனும் உறவாக அமையும் வாய்ப்பு கூடும். மிக அதிகமாக இருந்தால் குறையும். அந்த விகிதத்திலிருந்து முதிர்ந்த மீன்களின் மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடலாம். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் மார்க் பிராவிங்டனும் சக ஆய்வாளர்களும் தெற்கு நீலத்துடுப்புச் சூரை மீனில் இதைச் செய்தார்கள். சுமார் 13,000 மீன்களில் பெற்றோர்–குஞ்சு இணைகள் 45 கிடைத்தன. 2016-இல் முடிவு வெளியானது. அதே அடிப்படையில் கிழக்கு ஆஸ்திரேலியாவின் வெள்ளைச் சுறாக்களில் முதிர்ந்தவை சுமார் 750 என்று 2018-இல் மதிப்பிடப்பட்டது. மீனவர்கள் தரும் பிடிப்புக் கணக்கைச் சாராத எண் என்பதால், அதில் சந்தேகமும் சச்சரவும் குறைவு.

மீன்பிடி நிர்வாகத்தில் வேறு எதற்குப் பயன்படுகிறது?

எல்லைகளைப் புரிந்துகொள்ள. ஐரோப்பிய விலாங்கு மீன்கள் ஸ்காண்டிநேவியா முதல் வட ஆப்பிரிக்கா வரையிலான ஆறுகளில் வளர்கின்றன. மரபணு ஆய்வுகள் அவை எல்லாம் சர்காசோ கடலில் கலந்து இனப்பெருக்கம் செய்யும் ஒரே கூட்டம் என்று காட்டியிருக்கின்றன. ஒரு நாடு மட்டும் தன் ஆற்றின் விலாங்குகளைக் காப்பாற்றி நிறைவடைய முடியாது. சாலமன் மீனில் நிலைமை நேர்மாறு: ஒவ்வொரு ஆற்றின் கூட்டத்துக்கும் தனி மரபணுச் சாயல் இருப்பதால், கடலில் பிடித்த மீன் எந்த ஆற்றுக்குத் திரும்பவிருந்தது என்று சொல்லிவிடலாம், நலிந்த கூட்டம் கடந்து செல்லும் நாள்களில் மீன்பிடிப்பை நிறுத்தலாம்.

சந்தையிலும் பயன் உண்டு. 1994-இல் ஸ்காட் பேக்கரும் ஸ்டீபன் பலும்பியும் ஜப்பானியக் கடைகளில் விற்ற திமிங்கில இறைச்சியைச் சோதித்தார்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை நாட்டின் எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் சிறிய பி.சி.ஆர். கருவியை விடுதி அறைக்கே கொண்டுபோய், டி.என்.ஏ.வின் படிகளை மட்டும் எடுத்துவந்து வரிசைப்படுத்தினார்கள். விற்பனையில் இருந்திருக்கவே கூடாத இனங்கள் அதில் இருந்தன. இன்று துறைமுகங்களிலும் உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் இதே சோதனை அன்றாட வேலையாகிவிட்டது.

பவளப்பாறைகளைக் காப்பாற்ற மரபணு ஆய்வு உதவுமா?

உதவும். ஆனால் அது தருவதாகச் சிலர் சொல்லும் அளவுக்கு அல்ல.

பவளம் தனி உயிர் அல்ல. விலங்கு, அதன் செல்லுக்குள் வாழும் நுண்பாசி, பாக்டீரியாக் கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த வாழ்க்கை. நீர் சூடானால் பாசி வெளியேற்றப்படுகிறது, பவளம் வெளுக்கிறது. 2011-இல் அக்ரோபோரா டிஜிடிஃபெராவின் மரபணுத்தொகை வெளியானது. பவளத்தில் அதுவே முதலாவது. பாசிகளையும் மரபணுவால்தான் இனம் பிரிக்க முடிகிறது. டுருஸ்டினியம் என்ற வகைப் பாசியை ஏற்ற பவளங்கள் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் வெப்பத்தைத் தாங்குகின்றன என்று 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதற்கு ஈடாக வளர்ச்சி குறைகிறது.

வெப்பம் தாங்கும் ஒரே மரபணுவைக் கண்டுபிடித்து எல்லாப் பவளங்களிலும் நுழைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கிரேட் பாரியர் ரீஃபின் 12 பாறைத்திட்டுகளில் 237 பவளங்களின் மரபணுத்தொகைகளைப் படித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, வெளுக்கும் தன்மையைப் பல மரபணுக்கள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று காட்டியது. ஒற்றைத் திறவுகோல் இல்லை. எந்தப் பவளங்கள் தாங்கும் வாய்ப்பு அதிகம் என்று கணித்து, மீட்புப் பணிக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். வெப்பமான நீருக்குப் பழகிய பகுதிகளை முன்னுரிமை தந்து பாதுகாக்கலாம். இவை பயனுள்ள வேலைகள். ஆனால் கடல் இப்படியே சூடாகிக்கொண்டிருந்தால் எந்தத் தேர்வும் போதாது. இந்த ஆய்வுகளைக் காட்டிக் கார்பன் உமிழ்வுக் குறைப்பைத் தள்ளிப்போடுவது, ஆய்வாளர்களின் உழைப்பைத் தவறான வேலைக்குப் பயன்படுத்துவதாகும்.

தனித்தனி விலங்குகளின் மரபணுத்தொகையிலிருந்து என்ன தெரிந்தது?

சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அண்டார்டிக் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிர்கிறது. அங்குள்ள மீன்களின் இரத்தம் உறையாமல் காப்பது ஒரு புரதம். செரிமானத்துக்கு உதவும் டிரிப்சினோஜன் மரபணுவின் ஒரு துண்டிலிருந்து அது உருவானது என்று 1997-இல் தெரியவந்தது. உணவைச் செரிக்க இருந்த ஒன்று, பனிப் படிகத்தைத் தடுக்கும் பொருளாக மாறியிருக்கிறது. அங்கேயே வாழும் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே இல்லை. அந்த மரபணுக்கள் அழிந்து சிதைந்த நிலையில் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைந்திருப்பதால் நிறமற்ற இரத்தத்தோடு அவை பிழைக்கின்றன. நீர் சூடானால் அவற்றுக்குத் திரும்பிப் போக வழி இல்லை.

நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய பூக்கும் தாவரம் கடற்புல். 2016-இல் வெளியான சோஸ்டெரா மரினாவின் மரபணுத்தொகையில், இலைத்துளைகளை உருவாக்கும் மரபணுக்கள் முழுவதுமாகக் காணாமல் போயிருந்தன. செல்சுவரின் வேதியியலோ கடற்பாசிகளை ஒத்ததாக மாறியிருந்தது. 2015-இல் படிக்கப்பட்ட ஆக்டோபஸில், நரம்பு செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் புரோட்டோகாட்ஹெரின் மரபணுக்கள் 168 இருந்தன. பாலூட்டிகளில் உள்ளதைப் போல இரு மடங்குக்கு மேல். 2013-இல் வெளியான சீலகாந்த் மரபணுத்தொகை, நான்கு கால் விலங்குகளுக்கு மிக நெருங்கிய மீன் சீலகாந்த் அல்ல, நுரையீரல் மீனே என்ற நீண்ட விவாதத்தை முடித்துவைத்தது.

அண்மையில் கிடைத்தவற்றில் முக்கியமானது எது?

நைட்ரோபிளாஸ்ட். 1998-இல் ஜோனதன் ஸேர், பசிபிக் நீரில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் (நைட்ரஜன் வாயுவை உயிர்கள் பயன்படுத்தும் சேர்மமாக மாற்றும்) மரபணுவின் சிறு துண்டொன்றைக் கண்டார். யாருடையது என்று தெரியவில்லை. அதற்குரிய பாக்டீரியாவின் மரபணுத்தொகையைச் சேர்த்தபோது, ஒளிச்சேர்க்கைக்கான முக்கியப் பகுதிகள் அதில் இல்லை என்று தெரிந்தது. தனித்து வாழவே முடியாத உயிர். அது பிராருடோஸ்பேரா பிகெலோவி என்ற நுண்பாசிக்குள் வாழ்ந்தது. ஜப்பானில் கியோகோ ஹகினோ அந்தப் பாசியைப் பல ஆண்டுகள் முயன்று வளர்த்தெடுத்தார். 2024-இல் விடை கிடைத்தது: அந்த பாக்டீரியா பாசியோடு சேர்ந்தே பிரிகிறது, தனக்கு வேண்டிய பல புரதங்களைப் பாசியிடமிருந்து பெறுகிறது. அது இனி விருந்தாளி அல்ல, செல்லின் உறுப்பு. அதற்குத்தான் நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். கருவுள்ள செல்லில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் உறுப்பு அறியப்பட்டது அதுவே முதல்முறை. வரிசைப்படுத்தும் கருவி மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும். பாசியை வளர்க்கத் தெரிந்த ஒருவரின் பொறுமையும் தேவைப்பட்டது.

அப்படியானால் உருவத்தைப் பார்த்து இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலாளர்கள் இன்னும் தேவையா?

முன்பைவிட அதிகமாகத் தேவை. அறிவியல் பெயர் பெற்ற கடல் இனங்கள் சுமார் 2.4 லட்சம். அவற்றில் பலவற்றுக்கு ஒப்பிடுவதற்கான டி.என்.ஏ. வரிசை தரவுத்தளங்களில் இல்லை. நீரில் கிடைத்த வரிசைக்குப் பொருத்தம் இல்லையென்றால் அது 'அடையாளம் தெரியாதது' என்ற வரிசையில்தான் நிற்கும். தவறான பெயரோடு பதிவேற்றப்பட்ட வரிசைகள் அதைவிட ஆபத்தானவை. ஒருவர் தவறாக அடையாளம் கண்ட மீன், ஆயிரம் ஆய்வறிக்கைகளில் அதே தவறான பெயரோடு திரும்ப வரும். ஒரு மாதிரியைக் கையில் எடுத்து, துடுப்புக் கதிர்களை எண்ணி, அருங்காட்சியகத்தில் பாதுகாத்து, அதிலிருந்தே டி.என்.ஏ. எடுத்துப் பதிவுசெய்யும்போதுதான் தரவுத்தளம் நம்பகமாகிறது. வரிசைப்படுத்தும் செலவு ஆண்டுதோறும் குறைகிறது, வகைப்பாட்டியலாளர்களும் குறைந்துவருகிறார்கள். இந்த இரண்டாவது குறைவைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

டி.என்.ஏ. இருந்தால் அந்த உயிர் அங்கே வேலை செய்கிறது என்று பொருளா?

இல்லை. செத்த செல்லிலும் உறங்கும் செல்லிலும் டி.என்.ஏ. இருக்கும். எந்த மரபணு இப்போது இயங்குகிறது என்று அறிய ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டும். அது விரைவில் சிதைவதால் நீரை எடுத்த சில நிமிடங்களுக்குள் பதப்படுத்த வேண்டும். பகலும் இரவும் மாறும்போது ஒரே இடத்து நுண்ணுயிர்களின் ஆர்.என்.ஏ. எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து முடிவு சொல்ல மனம் வராது.

மருந்துகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கடும் வலிக்கான சிகோனோடைடு கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்றது. புற்றுநோய் மருந்தான டிராபெக்டெடின் ஒரு கடற்குழல் உயிரியிலிருந்து கிடைத்தது. அதை உண்மையில் தயாரிப்பது அந்த விலங்குக்குள் வாழும் பாக்டீரியா என்று 2011-இல் மெட்டாஜீனோமிக்ஸ் காட்டியது. விலங்குகளைக் கடலிலிருந்து டன் கணக்கில் அள்ளாமல் மருந்து பெற இத்தகைய அறிவு உதவுகிறது.

கடலில் கிடைக்கும் மரபணுக்கள் யாருக்குச் சொந்தம்?

காப்புரிமைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 862 கடல் இனங்களின் 12,998 மரபணு வரிசைகள் காப்புரிமைகளில் இடம்பெற்றிருப்பதைக் கண்டது. அவற்றில் 47 விழுக்காட்டை ஒரே பன்னாட்டு நிறுவனம் பதிவுசெய்திருந்தது. ஆழ்கடலுக்குக் கப்பல் அனுப்பும் வசதி உள்ள நாடுகள் மிகச் சில. பெருங்கடல் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டு, பயனைச் சிலரிடம் மட்டும் விடுவது நியாயம் இல்லை.

எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடல் பகுதிகளுக்கான ஐ.நா. ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டது. தேவையான 60 நாடுகளின் ஒப்புதல் 2025 செப்டம்பரில் கிடைத்து, 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து எடுக்கும் மரபணு வளங்களையும், அவற்றின் வரிசைத் தரவுகளையும் பற்றித் தகவல் தெரிவிப்பதும் பயனைப் பகிர்வதும் அதில் கடமைகள். பணம் எப்படிப் பகிரப்படும் என்ற விவரங்கள் உறுப்பு நாடுகளின் கூட்டங்களில் முடிவாக வேண்டியவை.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர் எங்கே தொடங்கலாம்?

ஒரு உயிர்க்கூட்டத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்: மீனோ, சிப்பியோ, மிதவை உயிரியோ, எதுவானாலும். அதோடு புள்ளியியலும், லினக்ஸ் கட்டளை வரியும், ஆர் அல்லது பைத்தான் மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வகம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாரா பயணத்தின் வரிசைத் தரவுகள் பொதுத் தரவுத்தளங்களில் எவரும் பதிவிறக்கும்படி திறந்திருக்கின்றன. ஒரே ஒரு நிலையத்தின் மேற்பரப்பு மாதிரியையும் அதே நிலையத்தின் ஆழ்நீர் மாதிரியையும் எடுத்து, எந்த வகைகள் மேலே மட்டும் உள்ளன, எவை கீழே மட்டும் உள்ளன என்று பிரித்துப் பாருங்கள். எஸ்.ஏ.ஆர்.11 மேல் மாதிரியில் உங்களுக்கே தென்படும்.